ஆரணி ஆறு போய்ச் சேரும் இடம்

கவரைப்பேட்டையில் கடல் கிடையாது. ரயில் உண்டு, நெடுஞ்சாலை உண்டு, விடிய விடிய லாரி உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூன்று ஷிஃப்டும் ஓடுவதால், எந்த நேரத்தில் பார்த்தாலும் யாராவது ஒருவர் சாப்பாட்டுப் பையோடு ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டோ வந்துகொண்டோ இருப்பார். அவர்களில் நானும் ஒருவன். கம்பி ஆலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். 19 வருஷம் ஆகிறது.

வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுக் கடலுக்குப் போகிறேன். ஃபர்னஸில் 1,100 டிகிரிக்கு மேல் காய்ந்த பில்லெட் என்கிற இரும்புக் கட்டை வெளியே வரும்போது ஆரஞ்சு நிறத்தில் தகதகக்கும். உருளைகள் பூட்டிய ஸ்டாண்டுக்கு ஸ்டாண்டு நுழைந்து, நசுங்கி, நீண்டு, கடைசியில் கம்பியாகக் கூலிங் பெட்டில் வந்து விழும். நாங்கள் வைத்த வேகத்தில் ஓடும், வைத்த நீளத்தில் வெட்டுப்படும். எப்போதாவது ஒன்று வழி தவறி எகிறினால் சுவிட்சை அமுக்குவோம், எல்லாம் நின்றுவிடும். இத்தனை வருஷம் அதன் முன்னால் நின்றவனுக்குள் ஒரு நினைப்பு வேர் பிடித்துவிடுகிறது. எதுவும் நம் கைக்கு அடங்கும், அடங்காததற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அந்த நினைப்போடுதான் வீட்டுக்கும் வருவேன். பிள்ளைகள் சாப்பிட எடுக்கும் நேரம், மனைவி சமையலை முடிக்கும் நேரம், அம்மா மாத்திரை போடும் நேரம் என்று எல்லாவற்றையும் டன் கணக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். வீடு அமைதியாகத்தான் இருந்தது. அது எனக்குப் பயந்த அமைதி என்று அப்போது தெரியவில்லை.

2021 நவம்பரில் மழை கொட்டியது. பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அணை இருப்பது ஆந்திராவில். அங்கே கதவைத் தூக்கினால் இங்கே ஆரணி ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் எச்சரிக்கை வரும். ஏ.என்.குப்பம் தடுப்பணை வழிகிறது என்று தெருவே பேசிக்கொண்டது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். வருஷத்தில் பாதி நாள் மணலும் முள்ளுச்செடியும் மட்டுமே தெரியும் ஆறு அது. அன்று செம்மண் நிறத்தில், கரைக்குக் கரை நுரைத்துக்கொண்டு போனது.

மகளுக்கு அப்போது 11 வயது. "இவ்ளோ தண்ணியும் எங்கப்பா போவுது?" என்றாள்.

"கடலுக்கும்மா."

"எந்த எடத்துல?"

எனக்குத் தெரியவில்லை. கவரைப்பேட்டைக்கும் பொன்னேரிக்கும் நடுவில் அந்த ஆற்றை ரயிலில் எத்தனை ஆயிரம் தடவை தாண்டியிருப்பேன். ஒரு தடவைகூட அந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். அம்மா பொன்னேரிக்குக் கிழக்கே, அதே ஆற்றங்கரையில் பிறந்தவர். "பழவேற்காட்டுக்குப்பா. ஏரில போய்க் கலந்து, மொகத்துவாரம் வழியா கடலுக்குப் போவும். இது தெரியாமயா இத்தினி நாளு அந்தப் பக்கம் போய்ட்டு வந்துனு இருந்த?" என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில், ஆச்சரியம்தான்.

மழை ஓய்ந்து ரோடு சரியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் கிளம்பினோம். ஆறு எங்கே முடிகிறது என்று மகளுக்குக் காட்டத்தான் போனது. அப்படி ஆரம்பித்த பழக்கம், ஷிஃப்ட் இடம் கொடுக்கும் மாதங்களில் எல்லாம் இன்றுவரை தொடர்கிறது.

எங்கள் ஊரில் மின்சார ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி. அங்கிருந்து பழவேற்காடு பஸ். எல்லாம் சேர்த்து 30 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். திருப்பாலைவனம் தாண்டியதுமே காற்று வேறாகிவிடும். உப்பும் சேறும் காய்ந்த மீனும் கலந்த வாசனை. மகன் மூக்கைப் பொத்துவான், அம்மா நெஞ்சு நிறைய இழுப்பார். ஏரியின் மேலே பாலம். பாலத்தைக் கடந்தால் லைட்ஹவுஸ் குப்பம், அதற்கும் அப்பால் கடல்.

இந்த ஏரி சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் கிடக்கிறது, தெற்கு ஓரம்தான் நம்முடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளமான மணல் தீவு. அதன் வடக்கே ஸ்ரீஹரிகோட்டா. நம் ஆரணி தெற்கிலிருந்து வந்து சேர, காளங்கியும் சுவர்ணமுகியும் ஆந்திரப் பக்கத்திலிருந்து வருகின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் நீண்ட கால்களை ஊன்றித் தலைகீழாக அலகை வைத்து மேயும். கேமரா வைத்திருப்பவர்கள் அதற்காகவே சென்னையிலிருந்து வருகிறார்கள்.

முதல் தடவை டச்சுக்காரர் கல்லறைக்கும் போனோம். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் 1690 வரை இதுதான், பிறகு நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். நம் நெசவாளர்களின் துணியைக் கப்பல் கப்பலாக ஏற்றியவர்கள். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. கல்லறையின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். மகனுக்கு ஆறு வயது. அதைப் பார்த்தவன் என் காலைக் கட்டிக்கொண்டு உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டான். வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டோம்.

கரையில் ஒரு பெரியவர் வலை முடைந்துகொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் நூலை மாட்டி இழுத்துப் பிடித்து, பார்க்காமலே முடிச்சுப் போடும் கை. ஆறு கடலில் கலக்கும் இடம் எது என்று மகள்தான் அவரிடம் கேட்டாள். அவர் எழுந்து நின்று, கையை நீட்டிக் காட்டினார். "அதோ, நொர ரெண்டா பிரியுது பாரு கண்ணு. அதான் மொகத்துவாரம்."

பிறகு அவர் சொன்னதைத்தான் இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும். கோடையில் ஆற்றுத் தண்ணீர் நின்றுபோனால் அந்த மணலைத் தள்ள ஆள் இல்லை, வாய் அடைபட்டுப்போகும். அடைபட்டால் ஏரி மூச்சு முட்டும். தண்ணீர் வற்றி உப்பு ஏறும். இறால் கடலில்தான் முட்டையிடும். ஆனால் குஞ்சு வளர்வது ஏரியில். வாய் வழியாக உள்ளே வந்து, சேற்றில் தின்று பெரிதாகி, மறுபடி அதே வாய் வழியாகக் கடலுக்குத் திரும்பும். மடவை மீனும் அப்படித்தான். வாய் மூடினால் வருவதும் இல்லை, போவதும் இல்லை. மழைக்காலத்தில் ஆரணி பெருகி வந்து முட்டும்போதுதான் மணல் உடையும். உடைந்த அன்று குப்பத்துக்கே தெம்பு வந்துவிடும் என்றார்.

"உங்க ஊருப் பக்கத்துல இருந்து வர்ற தண்ணிதான் சார் எங்களுக்குக் கதவத் தொறக்குது."

நாங்கள் பயந்து பார்த்த வெள்ளம் அது. ஊருக்குள் வந்துவிடுமோ என்று ராத்திரி கண்விழித்துக் கிடந்தோம். இவர் அதே தண்ணீருக்காகக் கடலோரம் காத்திருந்திருக்கிறார். வெள்ளத்தில் பயிர் மூழ்கியவர்களின் கஷ்டத்தை இதைச் சொல்லிச் சிறியதாக்க முடியாது. ஆனால் என் ஜன்னலிலிருந்து தெரிந்தது மட்டுமே ஆறு என்று நினைத்திருந்தது எவ்வளவு குறுகல் என்று அந்த மணலில் நின்றபோது உறைத்தது.

கிளம்பும்போது பெரியவர் ஒன்று சொன்னார். "எப்ப வந்தாலும் எங்க எறங்கலாம்னு எங்காளுங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்குங்க. போன வாரம் இருந்த தரை இந்த வாரம் இருக்காது." சரி என்று தலையாட்டினேன்.

இரண்டாவது தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கவில்லை.

பங்குனி மாதம். நல்ல வெயில். கடல் பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது. இரண்டு தடவை வந்தாகிவிட்டது, இடம் பழகிவிட்டது என்று எனக்குள் ஒரு தைரியம். கிணற்றில் நீச்சல் படித்தவன், ஊர் ஏரியை அக்கரை இக்கரை தாண்டியவன் என்ற நினைப்பு வேறு. அலை அடிக்காமல் அமைதியாக இருந்த ஒரு இடமாகப் பார்த்து, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு பக்கமும் அலை உடைகிறது, நடுவில் மட்டும் உடையவில்லை, குழந்தைக்கு அதுதான் பத்திரம் என்று நினைத்தேன்.

அது ஏன் அமைதியாக இருக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் தண்ணீரெல்லாம் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும். அடியில் பள்ளம் விழுந்த இடமாகப் பார்த்து ஓடைபோல அது உள்வாங்கும். ஆழம் என்பதால் அங்கே அலை உடையாது. பார்வைக்குச் சாதுவாக இருக்கும். கரையிலிருந்து கடலுக்கு ஓடும் ஆறு அது.

காலுக்கடியில் மணல் கரைந்ததுதான் முதலில் தெரிந்தது. முழங்கால், இடுப்பு, மார்பு. எண்ணுவதற்குள் ஆகிவிட்டது. மகனைத் தூக்கி மனைவி நின்ற பக்கமாகத் தள்ளினேன். அவள் எப்படியோ அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். நான் கரையைப் பார்த்து நேராக நீந்தினேன். முழு பலத்தோடு நீந்துகிறேன், கரை விலகிக்கொண்டே போகிறது. சுவிட்ச் இல்லாத இடம். அந்த வார்த்தைதான் அப்போது மனசில் ஓடியது.

குப்பத்துப் பையன்கள் இரண்டு பேர் கத்திக்கொண்டே குதித்து வந்தார்கள். "நேரா வராதீங்கண்ணே! பக்கவாட்டுல வாங்க, பக்கவாட்டுல!" ஒருவன் என் தோளைப் பிடித்துக் கரைக்கு இணையாக இழுத்தான். இருபது முப்பது அடி அப்படி நகர்ந்ததும் இழுப்பு விட்டது. அலையே எங்களைத் தூக்கிக் கரையில் போட்டது.

மணலில் விழுந்து கிடந்தேன். அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சில்லாமல் தடவிக்கொண்டிருந்தார். பெரியவர் வந்து பக்கத்தில் குந்தினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "கடலு உங்கள ஒண்ணும் பண்ணல சார். அது போற வழில நீங்க நின்னுட்டீங்க" என்றார்.

பழவேற்காட்டுக்காரர்கள் யாரும் மறக்காத ஒரு நாள் இருக்கிறது. 2011 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ். விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்தவர்களை ஏற்றிப்போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். காலையில் புளிசாதமும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு எங்களைப் போலக் கிளம்பியவர்கள்தான். அதற்குப் பிறகு படகுச் சவாரியைத் தடை செய்தார்கள். இந்த விஷயத்தை நான் செய்தித்தாளில் படித்திருந்தேன், டீக்கடையில் பேசியும் இருந்தேன். அந்த மணலில் படுத்திருந்தபோதுதான் அந்த 22 பேரும் எனக்கு மனிதர்களாகத் தெரிந்தார்கள்.

அன்று ராத்திரி மகன் தூங்காமல் பக்கத்தில் வந்து படுத்தான். "அப்பா, நீ பயந்தியா?"

"பயந்தேன்டா."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ஸ்கூலில் ஒரு பையன் தினமும் பென்சிலைப் பிடுங்குகிறான், அவனைப் பார்த்தால் தனக்கும் பயம் என்றான். அதுவரை என்னிடம் அவன் எந்தப் பயத்தையும் சொன்னதில்லை. சொல்ல முடியாத ஆளாக நான் இருந்திருக்கிறேன். என் வீட்டில் ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் திறந்துகொண்டது.

அதற்குப் பிறகு நாங்கள் கடலுக்குப் போவதே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஓடிப்போய்த் தண்ணீரில் விழுவதில்லை. முதலில் பெரியவரைத் தேடுவோம். அவர் இல்லாவிட்டால் வேறு யாரையாவது கேட்போம். "இன்னிக்கு லைட்ஹவுஸுக்குத் தெக்கால எறங்குங்க", "இன்னிக்கு வேணாம், வாட காத்து அடிக்குது, கரையில நில்லுங்க போதும்". கரையில் மட்டும் நின்றுவிட்டுத் திரும்பிய நாட்கள் நிறைய. ஆரம்பத்தில் பிள்ளைகள் சிணுங்கினார்கள். இப்போது நண்டு வளை எண்ணுகிறார்கள், கிளிஞ்சல் பொறுக்குகிறார்கள், ஒன்றும் செய்யாமல் உட்காரவும் பழகியிருக்கிறார்கள். என் மனைவி சொல்வாள், "ஒரு எடத்துல ஒரு மணி நேரம் போன் பாக்காம நீங்க ஒக்காந்து நான் இங்கதாங்க பாக்குறேன்."

மனசு லேசாகத்தான் பீச்சுக்குப் போகிறோம் என்று எல்லோரும் சொல்வோம். எனக்கும் லேசாகிறது. ஆனால் கடல் இதமாக இருப்பதால் வரும் லேசு இல்லை அது. எட்டு மணி நேரம் ஒவ்வொரு நொடிக்கும் நான் பொறுப்பு என்று நின்றவனுக்கு, தன்னைக் கேட்காமலே நடக்கிற ஒன்றின் முன்னால் நிற்பது பெரிய ஓய்வு. அலை என் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. நான் ஒரு நாள் போகாவிட்டாலும் அங்கே ஒன்றும் நிற்காது. அந்த எண்ணம் தருகிற நிம்மதியை வேறு எங்கும் நான் பெற்றதில்லை.

ஏரியில் மீன்பிடிக்கப் "பாடு" என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இறால் கிடைக்கும் இடங்களில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்று முறை வைத்துக்கொள்வது. பல தலைமுறைப் பழக்கம். தன் முறை வராத நாளில் கண்ணெதிரே இறால் துள்ளினாலும் சும்மா இருக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிந்தது. ஆனால் அந்த முறைக்குள் இடமே இல்லாதவர்களும் அதே ஏரியில்தான் பிழைக்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து, கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. ஒருநாள் அப்படிப் பிடித்த இறாலை என் மனைவி விலை பேசப் போனவள், பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து நாங்கள் அங்கே மீனுக்குப் பேரம் பேசுவதில்லை.

கோடையில் ஒரு தடவை போனபோது வாய் அடைபட்டுக் கிடந்தது. ஆறு கடலில் கலக்கும் இடத்தை மகள் செருப்பில்லாமல் நடந்தே தாண்டினாள். ஏரிப் பக்கம் தண்ணீர் பாசி பிடித்து, அசையாமல், வெந்நீராகக் கிடந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்திருந்தன. பெரியவர் அதிகம் பேசவில்லை. மணல் இப்படிக் குவிவதற்கு அலை மட்டும் காரணமில்லை. இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் எங்கே கடலுக்குள் சுவர் கட்டினாலும் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்த பிறகுதான் மெரினா இவ்வளவு அகலமானது, வடசென்னைக் கரை அரிபட்டது. எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் வந்தது, பிறகு காட்டுப்பள்ளி. பழவேற்காட்டு வாயைத் திறந்தே வைக்க இரண்டு பக்கமும் கல் போட்டுச் சுவர் எழுப்பும் வேலையும் வந்திருக்கிறது. நன்மைக்கே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நான் உருட்டுகிற கம்பி எந்தக் கடலோரக் கான்கிரீட்டுக்குள் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கோ இருக்கும். பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அதை அவரிடம் சொன்னேன். "கம்பி இல்லாம எங்களுக்கு மட்டும் வூடு எப்டி சார் கட்றது?" என்றார். என்னைக் குற்றவாளியாக்க அவருக்கு மனசில்லை. அது எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

2024 அக்டோபர் 11. அந்தத் தேதியைச் சொன்னால் கவரைப்பேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. பகலில் ஆலையில் ரோலுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை பங்கிட்டுவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். ராத்திரி எட்டரை மணி வாக்கில் ஒரு சத்தம். மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்கா போகிற பாக்மதி எக்ஸ்பிரஸ், எங்கள் ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிவிட்டது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடந்தன, ஒரு பெட்டியில் தீ. ஊரே ஓடியது. காயம்பட்டவர்கள் இருந்தார்கள், உயிர் ஒன்றும் போகவில்லை. அந்த இருட்டில், அந்த இரும்புக் குவியலைப் பார்த்தவர்களுக்கு அதை நம்புவதற்கே நேரம் ஆனது.

என் ஷிஃப்டில் தர்பங்கா பக்கத்துப் பையன் ஒருவன் இருக்கிறான். 21 வயது. சட் பூஜைக்கு ஊருக்குப் போக இதே வண்டியில் டிக்கெட் போட்டிருந்தான். அவனும் ஓடிவந்திருந்தான். இறங்கி நின்றவர்களிடம் அவர்கள் மொழியில் பேசி, குழந்தைகளைத் தூக்கி, பைகளைச் சுமந்து, நடுராத்திரி வரை அலைந்தான். எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய பிறகு தண்டவாளம் ஓரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. ஊரிலிருந்து அவன் அம்மா போன்மேல் போன் போட்டு அழுகிறார். வீட்டுக்குக் கூட்டிவந்து சாப்பிட வைத்தோம். ஒரு கவளத்துக்குமேல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவிதான் சொன்னாள், அவனையும் கடலுக்குக் கூட்டிப்போகலாம் என்று. ஆட்டோ பேசிக்கொண்டு போனோம். வழியில்தான் தெரிந்தது, அவன் கடலையே பார்த்ததில்லை. இரண்டு வருஷமாக 30 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறான். தினமும் அவனோடு நிற்கிறேன். எந்த ஸ்டாண்டில் எவ்வளவு வேகமாகக் கை ஓடும் என்று தெரிந்த எனக்கு இது தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை.

மேட்டில் ஏறிக் கடல் தெரிந்ததும் நின்றுவிட்டான். செருப்பைக் கழற்றினான். பெரியவர் காட்டிய இடத்தில், குனிந்து தண்ணீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டான். பிறகு விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "நமக்!" என்று சிரித்தான். உப்பு என்று கேட்டதுண்டாம், இவ்வளவு உப்பு என்று நினைக்கவில்லையாம். இரண்டு நாள் கழித்து வந்த முதல் சிரிப்பு.

வீடியோ காலில் அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் கடலைக் காட்டினான். அந்த அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். பையன் எங்களுக்குச் சொன்னான், "அந்தப் பக்கத்துக் கரை எங்க இருக்குன்னு கேக்குறாங்க." என் அம்மா போனுக்கு முன்னால் போய், தமிழிலேயே, கையை விரித்து, "கரை இல்லம்மா, கரையே இல்ல" என்றார். அந்தப் பக்கம் அந்த அம்மாவும் கையை விரித்தார். புரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பாக்மதி என்பது அவர்கள் ஊர்ப் பக்கத்து ஆற்றின் பெயர் என்று அவன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அதன் பெயரைத்தான் ரயிலுக்கு வைத்திருக்கிறார்கள். அந்த ஆறு நேபாளத்திலிருந்து வருவது. மழைக்காலத்தில் பெருகி, கரையோர வீடுகளைக் கரைத்துக்கொண்டு போகும். அவர்கள் குடிசையும் இரண்டு தடவை போயிருக்கிறது. அவன் வேலை தேடி இவ்வளவு தூரம் வந்ததற்கு அந்த ஆறும் ஒரு காரணம்.

மகள் அதற்குள் என் போனை வாங்கி வரைபடத்தில் தேடிக்கொண்டிருந்தாள். காத்மாண்டுவில் தொடங்கி, பீகாருக்குள் இறங்கி, கோசியோடு கலந்து கங்கையில் சேரும் வரை விரலாலேயே நகர்த்திக்கொண்டு போனாள். கங்கை எங்கே போகிறது என்று அவளுக்குப் பாடத்திலேயே இருக்கிறது. நிமிர்ந்து, "அண்ணா, உங்க ஆறும் இந்தக் கடல்லதான் வந்து கலக்குது" என்றாள்.

அவன் போனை வாங்கிப் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான். முழங்கால் அளவு தண்ணீரில், யாரோ சொந்தக்காரர் வந்து நிற்கிற மாதிரி, வடக்கே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருந்தான். என் மகன் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. சூப்பர்வைசர் சொல்வதற்கு அங்கே எதுவும் இருக்கவில்லை.

அடுத்து வந்த ஜனவரியில் சென்னைக் கரையெல்லாம் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் இறந்துவிடுமாம். பழவேற்காட்டிலும் இரண்டைப் பார்த்தோம். பையன் ஊருக்குப் போய்த் திரும்பியிருந்தான், அவனும் கூட இருந்தான். அவனும் என் மகளும் மணலைத் தோண்டினார்கள். புதைத்த இடத்தில் மகள் ஒரு கிளிஞ்சலை வைத்தாள். அடுத்த தடவை போனபோது கிளிஞ்சலும் இல்லை, மேடும் இல்லை, மணல் சமமாக இருந்தது.

இப்போது அவன் அம்மா வருகிறார். மகன் வேலை செய்யும் ஊரைப் பார்க்க என்று பெயர். கடலைப் பார்க்கத்தான் வருகிறார் என்று பையன் சொல்கிறான். வரும் ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர். பொன்னேரி வரை ரயில், அப்புறம் பஸ். என் அம்மா தன் பழைய பருத்திப் புடவை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார், அந்த அம்மா நனைந்தால் மாற்றிக்கொள்ள. எலுமிச்சை சாதமா தயிர்சாதமா என்று மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கே இறங்கலாம் என்று நேற்று ராத்திரி மகனைக் கேட்டேன்.

"தாத்தாவைக் கேட்டுட்டு" என்றான்.